டர்பன் பல்கலைக்கழக வளாகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் பாதி குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான். ஒருவருக்கு மகளின் மேற்படிப்பு, இன்னொருவருக்குக் கருத்தரங்கு. மூன்றாமவர், "கொள்ளுத்தாத்தாவின் தம்பி நேட்டாலுக்குப் போனாராம், அங்கே ஏதாவது காகிதம் இருக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். (டர்பன் இருக்கும் மாகாணத்தின் பழைய பெயர்தான் நேட்டால்.) மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு எத்தனை வளாகங்கள்? நான் எதற்குப் போக வேண்டும்?

ஐந்து. இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். "யுனிவர்சிட்டிக்குப் போ" என்று டிரைவரிடம் சொன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம்.

அறிவியல், வணிகம், மருந்தியல், பிசியோதெரபி போன்றவை வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கின்றன. இது நகர மையத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பொறியியல், சட்டம், மொழி, சமூகவியல் எல்லாம் நகரத்தை ஒட்டிய மேட்டில் இருக்கும் ஹவர்ட் காலேஜ் வளாகத்தில். மருத்துவக் கல்லூரி உம்பிலோ சாலையில், முன்பு எட்வர்டு மன்னர் பெயரில் இருந்த பெரிய அரசு மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி பைன்டவுன் பக்கம் எட்ஜ்வுட்டில். வேளாண்மை வேண்டுமென்றால் 80 கிலோமீட்டர் தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்குக்குப் போக வேண்டும்.

வெஸ்ட்வில் வளாகத்தை "இந்தியர் பல்கலைக்கழகம்" என்கிறார்களே, ஏன்?

இந்தக் கதை தெரியாமல் அந்த வளாகத்தில் நடந்தால் வெறும் கான்கிரீட் கட்டடங்களும் மரங்களும்தான் கண்ணில் படும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1959-இல் நிறவெறி அரசு ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவர்கள், சிறப்பு அனுமதி இருந்தால் ஒழிய, வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் சேர முடியாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கல்லூரி. அதன்படி இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரி 1961-இல் தொடங்கியது. எங்கே தெரியுமா? டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படை கைவிட்டுப்போன பழைய கொட்டகைகளில். பிள்ளைகள் படகில் ஏறிப் படிக்கப் போனார்கள். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி வந்த ஒப்பந்தக் கப்பல்களில் அவர்களுடைய பாட்டன்மார் வந்து இறங்கியதும் அதே துறைமுகம்தான். அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி இங்குள்ள மூத்தவர்கள் பேசினால் நேரம் போவதே தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கல்லூரிதான் 1970-களின் தொடக்கத்தில் வெஸ்ட்வில் மலைச்சரிவுக்கு மாறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. ஒதுக்கிவைப்பதற்காகக் கட்டிய இடத்தை மாணவர்கள் நிறவெறிக்கு எதிரான போராட்டக் களமாக மாற்றினார்கள். பிறகு எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்தது. 2004 ஜனவரி 1 அன்று பழைய நேட்டால் பல்கலைக்கழகமும் இதுவும் இணைந்து இன்றைய குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் உருவானது. இன்றைக்கு அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். "இந்தியர் பல்கலைக்கழகம்" என்பது பழைய பேச்சு.

ஹவர்ட் காலேஜில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில், அங்கிருந்து தெரியும் காட்சி. பெரியா மேட்டின் உச்சியில் நின்றால் துறைமுகமும் கடலும் கீழே விரிந்து கிடக்கும். முதல் உலகப் போரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறந்த தன் மகன் ஹவர்டின் நினைவாகத் தந்தை கொடுத்த பணத்தில் எழுந்தது ஹவர்ட் காலேஜ் கட்டடம். குவிமாடத்தோடு அழகாக இருக்கும். மேட்டின் மறுபக்கச் சரிவில் தெரிவது கேட்டோ மேனர். ஒரு காலத்தில் இந்தியத் தோட்டக்காரர்கள் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த பகுதி. இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்ற 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்த குடும்பங்களைக் கிளப்பினார்கள். நிறையப் பேர் சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடல் பக்கம் படம் எடுத்து முடித்ததும் அந்தப் பக்கமும் திரும்பிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

எந்த மாதம் வருவது நல்லது?

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. நம் ஊர்க் கோடை விடுமுறைக் கணக்கில் ஜூன் கடைசியில் வந்தால் அரையாண்டு விடுமுறை. டிசம்பரில் வந்தால் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கும், பேராசிரியர்கள் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். வகுப்பு நடப்பதையும் மாணவர்களையும் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட், செப்டம்பர் சரியாக இருக்கும்.

பருவம் இங்கே தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம்: பகலில் இதமான வெயில், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். டிசம்பரும் ஜனவரியும் சென்னை மாதிரி, புழுக்கமும் மழையும்.

முன் அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் விடுவார்களா?

வாசலில் காவலர்கள் இருக்கிறார்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். துறைக்கோ நூலகத்துக்கோ முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் எடுத்துப் போங்கள். சேர்க்கை விஷயமாக வரும் பெற்றோர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரம் வாங்கிவிட்டு வந்தால் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று, வெஸ்ட்வில் வளாகத்தில் குரங்குகள் அதிகம். பக்கத்திலேயே பாமியெட் வனப்பகுதி இருக்கிறது. சாம்பல் உடம்பும் கறுப்பு முகமுமாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாட்டுப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பை இருக்காது. தீனி போடாதீர்கள்.

நேட்டாலுக்குப் போன எங்கள் முன்னோரின் பெயரை அங்கே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதற்காகவே ஒருவர் டிக்கெட் எடுத்து வந்தாலும் தகும் என்பேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் நங்கூரம் போட்டது. முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்து வேலை.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் பட்டியல்களைத் தேடலாம். அவர்களுடைய இணையதளத்திலும் பார்க்கலாம். புகைப்படங்களும், விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்களின் குரல் பதிவுகளும் அங்கே இருக்கின்றன. மையத்தின் பெயரில் உள்ள லுத்துலி, அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர்.

தேடும்போது சில விஷயங்கள் நினைவிருக்கட்டும். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனுசாமி என்ற ஒரே பெயருக்கு நாலு விதமான எழுத்துக் கூட்டல் இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். பழைய ஜில்லா எது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை மாவட்டங்களெல்லாம் அன்றைக்கு வட ஆற்காடு. இன்றைய மாவட்டத்தின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. தகப்பன் பெயர், ஏறத்தாழப் போன வருடம், கூடப் போனவர்கள் யார் என்ற மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் அரசு ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. குடியேறிகளுக்கான அதிகாரியின் கடிதங்கள், புகார் மனுக்கள், சொத்துப் பத்திரங்கள் போன்றவற்றை அங்கே தேடலாம். புகார் மனுக்களைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகும். முதலாளி அடித்தார், அரிசி அளந்து தரவில்லை, நோயாளியை வேலைக்கு இழுத்தார் என்று நம் பெயர்களில் வரிசையாக இருக்கும். ஒரு நாளைக்கு முழுவதையும் பார்த்துவிட நினைக்காதீர்கள்.

அங்குள்ள தமிழர்கள் தமிழ் பேசுவார்களா?

பெரும்பாலானோர் பேசமாட்டார்கள். தயவு செய்து, "தமிழன் என்கிறீர்கள், தமிழ் தெரியாதா?" என்று யாரையும் கேட்காதீர்கள். இங்கே வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதுதான். கேட்கப்பட்டவர் முகம் சுருங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தங்கள் கைக்காசில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கட்டியவர்களின் வாரிசுகள் இவர்கள். பள்ளிக்கூடம் ஆங்கிலம் ஆனது, வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது, மொழி மூன்றாம் நான்காம் தலைமுறையில் வீட்டைவிட்டு மெல்லப் போனது. ஆனால் கோயிலில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ராகம் பிசகாமல் பாடுவார்கள். புரட்டாசி முழுக்க கவிச்சி தொடாமல் விரதம் இருப்பார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள்; அதன் பெயர் இங்கே "போரிட்ஜ் பிரேயர்". வீட்டுப் பேச்சில் அண்ணா, அக்கா, தாத்தா, ஆயா எல்லாம் இன்னும் இருக்கின்றன.

பெயர்களிலும் தமிழ் ஒளிந்திருக்கிறது. கோவெண்டர் என்றால் கவுண்டர், மூட்லி என்றால் முதலியார், பிள்ளே என்றால் பிள்ளை, படையாச்சி படையாச்சியேதான். நம் ஊரில் இவை சாதிப் பெயர்கள். இங்கே வெறும் குடும்பப் பெயராகிவிட்டன. அதை வைத்து யாரையும் எடைபோட்டு விசாரிக்காதீர்கள். அது இங்கே பெரிய அநாகரிகம்.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம், நாட்டில் மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆட்சிமொழிகளில் ஒன்றாக இல்லாவிட்டாலும் சட்டத்தில் தமிழுக்கு ஓர் இடம் உண்டு.

பேச்சில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு சொற்களை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். ஒன்று "கூலி". நமக்கு அது சம்பளம், உழைப்பு. இங்கே அது இந்தியர்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் பயன்படுத்திய வசை. தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு சொல் பக்கத்தில் இருப்பவர் காதில் தனியாக விழும். முன்னோரைப் பற்றிப் பேசும்போது "ஒப்பந்தத் தொழிலாளர்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆப்பிரிக்கர்களைக் குறிக்க நம் பழைய ஆட்கள் சொல்லும் "காப்பிரி". அதே வேரிலிருந்து வந்த சொல் இந்த நாட்டில் மிகக் கொடிய இன வசை. அதைச் சொன்னதற்காக நீதிமன்றம் சிறைத் தண்டனையே விதித்திருக்கிறது. எந்த மொழியிலும், எந்த எண்ணத்திலும், வாயில் வரக் கூடாது.

சரி, சொல்ல வேண்டிய சொற்களும் உண்டு. ஒருவரைப் பார்த்தால் "சாவுபோனா", பல பேரைப் பார்த்தால் "சானிபோனானி". "உன்னைக் கண்டோம்" என்பதுதான் அந்த ஜூலு வணக்கத்தின் பொருள். நன்றிக்கு "ங்கியபோங்கா". வாசல் காவலரிடம் வணக்கம் சொல்லி நலம் கேட்ட பிறகு விஷயத்துக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் வழி கேட்பது இங்கே மரியாதையில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். டர்பன் வந்துவிட்டு "பன்னி சவ்" என்ற ரொட்டி உணவைச் சாப்பிடாமல் போகக் கூடாது. கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். "குவார்ட்டர் மட்டன்" என்று கேட்டால் போதும். சைவக்காரர்களுக்கு "பீன்ஸ் பன்னி". கையால்தான் சாப்பிட வேண்டும், மேலேயிருந்து பிய்த்துத் தொட்டுக்கொண்டு கீழே வர வேண்டும். காரம் நம் ஊரைவிடத் தூக்கலாகவே இருக்கும்.

சுத்த சைவம் வேண்டுமென்றால் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ராதா ராதாநாத் கோயிலின் உணவகத்துக்குப் போகலாம். இட்லி தோசை எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்கும் இடத்தில் சமைக்கலாம் என்றால் வார்விக் பக்கம் இருக்கும் விடியற்காலைச் சந்தைக்குப் போங்கள். இந்தியத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் வளர்த்த, நூறாண்டு தாண்டிய சந்தை அது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கட்டுக் கட்டாக இருக்கும். "மடும்பி" என்று ஒரு கிழங்கு விற்பார்கள். தோலைச் சீவிப் பாருங்கள், நம் சேப்பங்கிழங்கின் நெருங்கிய சொந்தம்.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? ஊர் பாதுகாப்பானதா?

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. ஜோகன்னஸ்பர்கில் மாறலாம், துபாய் வழியாக நேரே டர்பனுக்கே வரும் விமானமும் உண்டு. ஷாகா மன்னர் பெயரில் உள்ள விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே 35 கிலோமீட்டர். ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை, முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

"டாக்சி" என்று இங்கே சொல்வது நம் ஷேர் ஆட்டோ மாதிரி ஆளேற்றும் வேனை. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போகலாம். வழி சொல்பவர் "அந்த ரோபோவில் திரும்பு" என்றால் டிராபிக் சிக்னலைச் சொல்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். குற்றம் இருக்கிறது. இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்காதீர்கள். தெருவில் போனை நீட்டிப் பிடித்தபடி நிற்காதீர்கள். தங்க நகையை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏடிஎம்மில் உதவ வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால் பயந்து அறைக்குள் கிடக்க வேண்டியதில்லை. பகலில் கடற்கரை நடைபாதை முழுக்கக் குடும்பங்கள்தான். கடலில் இறங்கினால் காப்பாளர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்.

கோயில்களில் எதைப் பார்க்கலாம்?

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயம். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதில் தப்பிய கதவுகளை 1947-இல் எழுந்த இந்தக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். சுற்றியிருந்த குடும்பங்களையெல்லாம் அரசு கிளப்பிவிட்ட பிறகும் கோயில் நின்றது, மக்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். ஹவர்ட் காலேஜிலிருந்து கிட்டத்தில்தான்.

ஈஸ்டர் சமயத்தில் வந்தால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். புனித வெள்ளிக்கும் மாரியம்மனுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஒப்பந்தக் காலத்தில் கிடைத்த விடுமுறையில்தானே திருவிழா வைக்க முடியும்? தைப்பூசத்துக்குக் காவடியும் உண்டு.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால்?

காலையில் டர்பன் தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கியது. உட்ஸ் சைக்காட் என்ற ஈந்துப்பனை வகை மரம் அங்கே இருக்கிறது. உலகத்தில் அதன் ஆண் மரம் ஒன்றுதான் காட்டில் கிடைத்தது. பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. பக்கத்தில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் எம்.எல். சுல்தான் பெயரில் இருக்கிறது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து, பிறகு வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கல்விக்குக் கொடுத்தவர்.

மதியத்துக்கு மேல் இனாண்டாவில் காந்தி 1904-இல் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பைப் பார்க்கலாம், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். இல்லையென்றால் முழு நாளையும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1893-இல் காந்தியை இறக்கிவிட்ட ரயில் நிலையம் அப்படியே இருக்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுக்கிறார்கள். 1913 போராட்டத்தில் கைதாகி அதே ஊர்ச் சிறையில் நோயுற்று, விடுதலையான கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை நினைப்பவர் குறைவு. நீங்களாவது நினையுங்கள்.

ஊரிலிருந்து என்ன எடுத்து வர வேண்டும்?

பிளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்: நம் வீட்டில் ஏசிக்கும் கெய்சருக்கும் போடும் பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கே பரவலாக உள்ளது, அதற்கான அடாப்டர் ஒன்று வாங்கி வாருங்கள். மின்வெட்டு முன்போல இல்லை என்றாலும் பவர் பேங்க் இருக்கட்டும்.

முன்னோரைத் தேடி வருகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட பெயர்களையும் ஊரையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்க் கோயில், ஏரி, தெரு, இவற்றின் படங்கள் நாலைந்தை அச்செடுத்தும் கொண்டு வாருங்கள். இங்கே எங்கள் பகுதியில் ஒரு ஆன்ட்டி வீட்டுச் சுவரில் ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் படம் மாட்டியிருக்கிறது. யாரோ ஒரு விருந்தாளி கொடுத்துவிட்டுப் போனது. அவர்களுடைய பாட்டனாரின் ஊர் அதுவல்ல, பக்கத்து ஊர். "பரவாயில்லை, இதே ஏரித் தண்ணீர்தானே அங்கேயும் போயிருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.